மாத்திரை அக்கா

சிறை வாசல் காவலருக்கு அவளைக் கண்டால் ஒரு கிண்டல் தயாராக இருக்கும். "வாங்க மாத்திரையக்கா, இன்னைக்கு எந்தத் தம்பி?" என்பார். சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. அதனால் வருகைப் பதிவில் 'உறவு' என்ற இடத்தில் எல்லோருக்கும் அக்கா என்றே எழுதுவாள். நரைத்த தலைக்காரர் முதல் மீசை அரும்பாதவன் வரை, ஒரு தாய் பெற்றிருக்கவே முடியாத தம்பிமார் அவளுக்கு. காவலருக்கும் தெரியும், மேலதிகாரிக்கும் தெரியும். யாரும் எட்டிப் பார்க்காத கைதிகளுக்கு ஒருத்தியாவது வருகிறாளே, வந்து தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டு கொடுக்கிற வேலை அவளுக்கு. ஊரையெல்லாம் வழியனுப்பிவிட்டு, விடுமுறை நாளில் சிறைக்குப் போவாள். மனநோய் உள்ளவர்களுக்கு மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறதா, கத்துகிறவனைத் தனியறையில் போட்டுப் பூட்டிவிட்டார்களா, கத்தாமல் மூலையில் சுருண்டு கிடப்பவனைத் தங்கமான மனுஷன் என்று சொல்லி மறந்துவிட்டார்களா என்று கேட்டுக் கேட்டு எல்லோர் உயிரையும் வாங்குவாள். பட்டப்பெயர் சும்மா வருமா?

கூடப் பிறந்த தம்பியும் ஒருவன் உண்டு. அவனும் இதே சிறையில் இருந்தவன்தான். சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்று பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானவனை, அவள்தான் நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறி, "என் தம்பிக்கு மனசு சரியில்லைங்க" என்று சொல்லி மருத்துவமனைக்கு மாற்ற வைத்தாள். குணமானான். குணமானதும், நாலு பேர் முன்னால் தன்னைப் பைத்தியக்காரன் ஆக்கியவள் முகத்தில் இனி விழிக்க மாட்டேன் என்று வேறு ஊருக்குப் போய்விட்டான். அதிலிருந்து அவள் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வேலை முடிந்து வந்து சாப்பிட்டு, ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

அந்த வருஷம் அவளுக்கு வாய்த்த தம்பி ஒரு கொத்தனார். சுவருக்குள்ளிருந்து யாரோ ஏவினார்கள் என்று மேஸ்திரியைச் சாந்துக் கரண்டியால் அடித்துவிட்டு உள்ளே வந்தவர். போர்வையிலிருந்து நூல் உருவி, நுனியில் சோப்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அறைச் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார்கள் தூக்குக்குண்டு பிடிக்கிற மாதிரிதான். சிறைக்காரர்களுக்கோ அது தப்பி ஓடக் கயிறு திரிக்கிற வேலையாகத் தெரிந்தது. இருட்டறையில் தள்ளினார்கள். அங்கே வெறும் நகத்தால் பூச்சைச் சுரண்டினார், விரலெல்லாம் ரத்தம். டாக்டர் வந்து பார்த்தார். "இவ்வளவு சரியா நூல் பிடிக்கிறவனுக்கு என்ன கோளாறு? நடிக்கிறான்" என்று முடித்துவிட்டார். பெரிய மேதாவி.

விசாரணை நாள் குறித்தாகிவிட்டது. டாக்டர் பேச்சை முறிக்க வேண்டுமென்றால், கொத்தனார் முன்பே எப்படி இருந்தார் என்று வீட்டார் யாராவது வந்து சொல்ல வேண்டும். பதிவில் எழுதிக்கொண்ட அக்காவின் பேச்சு அங்கே எடுபடாது. யாரும் சொல்லாவிட்டால் மனுஷன் அந்த இருட்டறையிலேயே முடிந்துபோவார்.

கொத்தனாரின் மனைவி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அக்கா அங்கே தேடிப் போனாள்.

"அவருக்கு ஒண்ணுமில்லக்கா. கோவக்காரர், அவ்வளவுதான்," என்றாள் அவள், சட்டைக் காலரை அழுத்திக்கொண்டே.

"வீட்டுல எப்பவாவது சுவர்கிட்ட போயி ஏதாவது பண்ணினாராம்மா?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. உள்ளே யாரோ முனகுகிறார்கள் என்று ஒருநாள் சமையலறைச் சுவரையே இடித்துத் தள்ளி, செங்கல் செங்கலாகப் புரட்டித் தேடியதைச் சொன்னாள். அக்கம்பக்கத்தில் கேட்டதற்கு, சமையலறையைப் பெரிசு பண்ணுகிறோம் என்று சொல்லிச் சமாளித்தாளாம். "நம்பிட்டாங்க. கொத்தனார் வீடுதானே."

"இதை அப்படியே நீதிபதிகிட்ட சொல்லணும்மா."

"அவரை வச்சுக்கிட்டா?"

"ஆமா."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "அவருக்குத் துணி கொடுக்க ஜெயிலுக்குப் போனப்ப வாசல்ல காவலர் சொன்னார், உங்க தம்பிக்கு நீங்களும் இப்படித்தான் சொன்னீங்கன்னு. தம்பி இப்ப உங்ககூடப் பேசறாரா?" என்று கேட்டாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசுகிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. பொய் சொல்லத் தெரியாதவளா அவள்? பதிவு முழுக்கப் பொய்த் தம்பிகள். ஆனால் இந்தப் பெண் எதை இழக்கக்கூடும் என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? அதை மறைத்து வாங்குகிற சாட்சி திருட்டுச் சாட்சி என்று பட்டது.

"பேசறதில்ல," என்றாள். "வருஷக்கணக்காச்சு. உயிரோட இருக்கான், வேலைக்குப் போறான்னு யாராவது வந்து சொல்லுவாங்க. அவ்வளவுதான் எனக்கு."

"அப்புறம் என்னை எதுக்குச் சொல்லச் சொல்றீங்க?"

"நான் வாய மூடிட்டு இருந்திருந்தா அந்தச் சேதிகூட வந்திருக்காதும்மா."

அவள் மறுபடி காலரை அழுத்தத் தொடங்கினாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள் அக்கா.

விசாரணைக்குக் கொத்தனாரின் மனைவி வந்தாள். கணவன் பக்கம் திரும்பாமல், இடித்த சுவரைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னாள். "பொய் சொல்றா. எனக்கு ஒண்ணுமில்ல. என் பொண்டாட்டியே பொய் சொல்றா," என்று கொத்தனார் அழுதார். மருத்துவமனைக்கு அனுப்பும்படி உத்தரவானது. வெளியே வந்ததும் அக்கா அவள் தோளைத் தொட்டாள். அவள் கையை விலக்கிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. தம்பிக்குச் சாட்சி சொன்ன அன்று அவளும் நடந்த நடைதான் அது.

வெகுநாள் கழித்து, ஒரு சாயங்காலம் காய்கறிக் கடையில் அவர்கள் இருவரையும் பார்த்தாள். கொத்தனார் சதை பிடித்துத் தெளிவாக இருந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியும் கூட நின்றாள். "வெளியூர் வேலையெல்லாம் முடிஞ்சுதா அண்ணே? இனி இங்கதானே?" என்று அவரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா தன்னை மறந்து பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"யாரு அது? உன்னையே பாக்கறாங்க," என்றார் கொத்தனார் மனைவியிடம். சிறையில் பார்த்த முகம் எதுவும் அவருக்கு நினைவில் தங்கவில்லை போலும்.

மனைவி அக்காவை நேராகப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. "தெரியலையே," என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரியும் திரும்பினாள்.

"மன்னிச்சுக்கம்மா, தெரிஞ்ச பொண்ணுன்னு நினைச்சுட்டேன். ஆள் மாறிப்போச்சு," என்றாள் அக்கா.

"பரவாயில்லங்க," என்று கொத்தனார் சிரித்தார். மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தார். அவர் ஏதோ சொல்ல, அவள் ஏதோ பதில் சொல்ல, இருவரும் பேசிக்கொண்டே தெருமுனையில் திரும்பினார்கள். அக்காவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று மறுபடியும் கேட்டார்.