இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஓர் எண்

வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று யார் சொன்னது? சொன்ன வாய் எது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் மாடித் தையல்காரி. என் மருமகள் வீட்டிலிருந்தது நிஜம். தலைகூட வாராமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததும் நிஜம். நிறுத்திவிட்டார்கள் என்பது மட்டும் பொய்.

படிக்கட்டில் என்னை மடக்கிக் கேட்டாள் அந்தத் தையல்காரி.

“என்னக்கா, மருமகப் பொண்ணு கணக்குல தப்பு பண்ணிட்டாளாமே?”

“நீ தைச்ச சட்டைய எத்தனை பேர் திருப்பிக் கொண்டாந்திருக்காங்க? உன்ன யாராவது ஊரை விட்டுத் துரத்தினாங்களா?”

“அது பிரிச்சுத் தைச்சா சரியாப் போயிடும்க்கா.”

“இவளும் அதைத்தான் பண்ணிட்டிருக்கா. வழிய விடு.”

எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் மருமகளின் வேலை தெரியும். நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மனிதர்கள் புள்ளி வைத்து எழுதும் எண்ணைக் கம்ப்யூட்டர் தன் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த நிரலை எழுதியவள் இவள். துணி மடித்துக்கொண்டே எனக்கு விளக்கினாள்.

“சுவத்துல வரிசையா ஆணி அடிச்சிருக்குன்னு வச்சுக்குங்க அத்தை. எண்ணுக்கு முடிவே இல்ல, ஆணி கொஞ்சம்தான். எந்த எண்ணு வந்தாலும் ரொம்பக் கிட்ட இருக்கற ஆணியில மாட்டணும்.”

“பத்துல ஒரு பங்கு?”

“அதுக்கே நேரா ஆணி கிடையாது.”

“அடிச்சவன் குடிச்சிருந்தானா?”

“பாதி, பாதில பாதின்னு பிரிச்சே அடிச்சுட்டுப் போயிருக்காங்க. பத்துல ஒண்ணு அதுல விழாது.”

“சரி, ரெண்டு ஆணிக்கு நட்ட நடுவுல ஒண்ணு வந்தா?”

“அதுக்கு ஒரு விதி இருக்கு. ஆணிக்கெல்லாம் வரிசையா நம்பர் உண்டு. ரெண்டுல இரட்டைப்படை ஆணி எதுவோ, அதுல மாட்டணும்.”

இப்படிப்பட்டவள்தான். லாரி மெக்கானிக்கின் மகள். திருகாணியை அரைத் திருகு குறைத்து விட்டாலும் அப்பாவிடம் திட்டு வாங்கி வளர்ந்தவள். வந்த புதிதில் “உப்பு கொஞ்சம் போடு” என்றால், “கொஞ்சம்னா எவ்வளவு?” என்பாள். அதற்கே எங்களுக்குள் எத்தனையோ சண்டை. என் மகன் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு நழுவிவிடுவான்.

இரும்பு அச்சு வார்க்கும் தொழிற்சாலை ஒன்று அவள் நிரலை வாங்கியிருந்தது. அங்கே ஒரே வரைபடத்தை இரண்டு கம்ப்யூட்டர்கள் படித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வார்ப்பார்களாம். ஒன்றில் இவளுடைய நிரல், மற்றதில் வேறு யாரோ எழுதியது. ஏதோ ஓர் எண்ணில் இரண்டும் அடுத்தடுத்த ஆணிகளில் மாட்டிவிட்டன. வேலை நின்றுபோனது. வரைபடம் ரகசியம் என்று, அது எந்த எண் என்பதைக்கூட வெளியே சொல்லவில்லை. இவளுடைய தலைவர், இந்த மாதத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் இவள் எழுதியதைத் தூக்கிவிட்டு, வெளியிலிருந்து வாங்கிப் போடுவோம் என்று சொல்லிவிட்டார். இவளுக்கு வேறு வேலை தருவார்களாம். வீட்டிலேயே அமைதியாக உட்கார்ந்து தேடு என்று அனுப்பிய மனுஷரும் அவர்தான். ஊர் பேசியது இதைத்தான்.

எண்ணை ஆணியில் மாட்ட இவள் நிரலில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வேகமானது. மற்றது ஆமை வேகம். கடைசி இலக்கம் வரை விடாமல் பெருக்கிப் பார்க்கும், தப்பே செய்யாது. வாய்க்கு வந்த எண்களைக் கோடிக் கணக்கில் இரண்டுக்கும் ஊட்டினாள். ஒன்றில்கூட வித்தியாசம் வரவில்லை. தட்டில் போட்டது ஆறிக் கிடக்கும். “கிடைக்காட்டி என்ன, வேற வேலை குடுக்கறாங்கல்ல?” என்றான் மகன். “நான் எழுதினத நானே நம்ப முடியலன்னா, அடுத்தத எப்படி எழுதறது?” என்றாள்.

ஒரு மத்தியானம் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்று சிரித்தாள்.

“நான்தான் அத்தை. தப்பு என்னோடதுதான்.”

“அதுக்கா இந்தச் சிரிப்பு?”

வேகம் வேண்டும் என்று, நீளமான எண்ணில் முதல் பத்தொன்பது இலக்கத்தோடு படிப்பதை நிறுத்தி, மிச்சத்தைக் குப்பை என்று தள்ளியிருந்தாளாம். தொழிற்சாலையில் வந்த எண் அந்தப் பத்தொன்பது இலக்கம் வரை நட்ட நடுவில் நின்றிருக்க வேண்டுமாம். பிறகு வரிசையாகச் சுழியம், கடைசியில் ஓர் ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த ஒன்றைப் பார்த்திருந்தால் எண் மேல் ஆணிக்குப் போயிருக்கும். இவள் பார்க்காததால் நடு என்று நினைத்து, இரட்டைப்படை என்று கீழ் ஆணியில் மாட்டிவிட்டாள்.

“கண்ண மூடிட்டு எத்தனை கோடி எண்ணு போட்டாலும் நடுவுல ஒண்ணுகூட விழாது அத்தை. நடுவ நாமளே செஞ்சு, அதுக்கு ஒரு வாலும் வச்சுப் பாத்தேன். முதல் எண்ணுலயே மாட்டிக்கிச்சு.”

“இப்ப என்ன பண்ணப் போற?”

“வெட்டின வால்ல சுழியம் தவிர வேற ஏதாவது இருந்து, எந்த ஆணின்னு சந்தேகமும் வந்தா, ஆமைகிட்ட அனுப்பிடுவேன். மத்ததெல்லாம் வேகமாவே போகட்டும்.”

அன்றைக்கு அவள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்துத்தான் எனக்கு உயிர் வந்தது.

திருத்தியதைத் தொழிற்சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே பதிலைச் சொல்லின. தலைவர் போனில் கூப்பிட்டு, இவள் எழுதியதே இருக்கட்டும், நாளைக்கு ஆபீஸுக்கு வா என்றாராம். இவள் “சரிங்க” என்றாள், “தப்பு எங்கன்னு நானே எழுதித் தரேன்” என்றாள், அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். ஈரத் தலையோடு பையை மாட்டிக்கொண்டாள். “தலைய நல்லாத் துவட்டுடி” என்றேன். “போற வழியில காஞ்சிடும் அத்தை” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில், எல்லார் கண்ணும் பார்க்க, வாசலைத் தாண்டி வேலைக்குப் போனாள்.