கப்பல்காரரின் பாய்லர்

மடுகரைக் கோழிப்பண்ணையை விட்டுக் கிளம்பி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. நாற்பது நாள் வேலை பார்த்தது போதும் என்று தோன்றியது, பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். கரையாம்புத்தூர் தாண்டி பாகூர்ப் பக்கம் வருவதற்குள் இரண்டு முறை தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பியிருந்தேன். சாராயக் கடையைப் பார்த்தால்தான் புதுச்சேரிப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியும். வழியில் செருப்பு வார் அறுந்தது. காலையில் சாப்பிடவில்லை, அது பழக்கம்தான். தண்ணீர் தீர்ந்ததுதான் தொந்தரவாக இருந்தது.

பாகூருக்கு முன்னால் ரோட்டை ஒட்டி ஒரு நெல் மில். பாட்டிலை நிரப்ப உள்ளே போனேன். களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு பாய்லர் கொட்டகையையே பார்த்தபடி நின்றார்கள்.

கொட்டகைக்குள் இரண்டு பேர். ஒருவர் மில் முதலாளி, முப்பது வயது இருக்கும். மற்றவருக்கு அறுபது தாண்டியிருந்தது. தலையில் துண்டு, முழங்கால் வரை காக்கி. பாய்லருக்கு உமி தள்ளுகிறவர் என்று பார்த்ததும் தெரிந்தது. பாய்லரின் பின் தகட்டில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அதைக் காட்டித்தான் பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். தினமும் ஈரத் துணியால் துடைக்கிறாராம், மறுநாள் அதே இடத்தில் வந்துவிடுகிறதாம். உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்து காய்ந்த உப்பு அது, தகட்டில் விரிசல் விட்டிருக்கிறது, நெருப்பை இப்போதே நிறுத்த வேண்டும் என்றார்.

முதலாளியின் கஷ்டமும் பொய்யில்லை. இரண்டு தொட்டி நெல் ஊறிக்கொண்டிருந்தது, சுற்றுப்பட்டு விவசாயிகள் கொண்டுவந்து கொட்டியது. நாளைக்குள் அவிக்காவிட்டால் நாற்றம் எடுத்துவிடும். அந்த அரிசியை மாடுகூடத் தின்னாது.

"சண்டையில விரிசல் உட்ட பாய்லர வெச்சிக்கினு கப்பல ஓட்டினேன்னு எத்தினி வருஷமா சொல்றீங்க, கப்பல்கார்ரே?" என்றார் முதலாளி. "இந்த வெள்ளக் கோட்டுக்கு இன்னா பயம்?"

பெண்கள் சிரித்தார்கள். பெரியவர் துண்டை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

குழாயடியில் இருந்த பெண்ணிடம் எந்தக் கப்பல் என்று கேட்டேன். விமானம் ஏறி இறங்குகிற கப்பலாம், இவர் நேவியில் அதில்தான் இருந்தாராம். பிற்பாடு அதை பம்பாயில் காட்சிக்கு வைத்திருந்தபோது முதலாளி குடும்பத்தோடு போய் மேலும் கீழும் சுற்றிப் பார்த்தாராம். பாய்லர் என்று ஒன்றே இல்லையாம். அதிலிருந்து இவர் எதைச் சொன்னாலும் கப்பல் கதை என்றுதான் பேச்சு.

அந்தக் கப்பலில் நான் இரண்டு மழைக்காலம் வேலை பார்த்திருக்கிறேன். துரு சுரண்டி பெயிண்ட் அடிக்கிற வேலை. உப்புக்காற்றில் இந்தக் கோடியில் அடித்து முடிப்பதற்குள் அந்தக் கோடியில் துரு பூத்துவிடும். அப்படி முடிவில்லாத ஒரு வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தளத்தில் நின்று பார்த்தால் நம்ம ஊர் ஏரிக்கரை மாதிரி நீளமாகப் போகும். மழை பெய்தால் அதன் வயிற்றுக்குள் விமானங்களுக்குப் பக்கத்தில் கோணியை விரித்துப் படுப்போம்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கே வழிகாட்டி ஒருவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னதைக் கேட்டுக் கேட்டு கப்பலின் கதை மனப்பாடம் ஆகிவிட்டது. வெள்ளைக்காரன் பாதி கட்டி நிறுத்திய கப்பல். நம் ஆட்கள் வாங்கி முடித்துக் கொண்டுவந்தார்கள். வங்கதேசச் சண்டையில் கிழக்குக் கடலில் நின்று விமானங்களை அனுப்பியது. அப்போது நீராவிதான் விமானத்தைக் கவண்கல் மாதிரி வீசும். பின்னாளில் அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு மூக்கில் சரிவு கட்டினார்கள், விமானங்கள் அதில் ஓடி எகிறிப் போயின. பிறகு வயதாகிவிட்டது, சீட்டு வாங்கிப் பார்க்கிற இடமாக ஆனது. இவ்வளவு நீளக் கதையில் பாய்லருக்கு ஒரே ஒரு வரி. நாலில் ஒன்று விரிசல் விட்டிருந்தும் போருக்குப் போனது என்பார். உடனே கூட்டத்தை விமானத்தின் பக்கம் திருப்பிவிடுவார்.

பாட்டிலை மூடிவிட்டுக் கொட்டகை வாசலுக்குப் போனேன். அந்தக் கப்பலில் பாய்லர் அறை கீழே இருக்கிறது, பூட்டி வைத்திருப்பார்கள், யாரையும் விடமாட்டார்கள் என்றேன். தேங்கிய தண்ணீரை இறைக்க எங்களை இறக்கினார்கள் என்றும் சொன்னேன்.

முதலாளி என் வெறுங்காலைப் பார்த்தார். பெரியவருக்கு என்மேல் இன்னும் சந்தேகம். பல வருஷமாகக் கேலியைக் கேட்டவர், நானும் கிண்டலுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எறங்கினியா? எப்பிடி எறங்கின?" என்றார்.

ஏணிக்கு முதுகைக் காட்டி இறங்க முடியாது, முகம் ஏணிப் பக்கம் இருக்க வேண்டும், ஒன்று முடிந்தால் இன்னொன்று என்றேன்.

"எல்லாக் கப்பல்லயும் அப்பிடித்தான். கடைசி ஏணில இன்னா இருக்கும்?"

"இடது பக்கம் சக்கரம் வெச்ச ஒரு கொழா. மூணு படி இருக்கும்போது மண்டையில இடிக்கும். எனக்கு மொத நாளே இடிச்சுது."

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அத்துக்கு நாங்க ஒரு பேரு வெச்சிருந்தோம்பா. பொம்பளைங்க இருக்காங்க, சொல்லமாட்டேன்."

"சொல்லேன் கப்பலு, நாங்க கேக்காத பேரா?" என்றது களத்திலிருந்து ஒரு குரல்.

முதலாளிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அப்ப நெசமாவே அதுல இருந்தீங்களா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார், ஆனால் இப்போது கேலியில்லை. விரிசல் பாய்லரோடு கப்பல் போனது உண்மை என்றால், இதை ஏன் ஓட்டக்கூடாது?

"அன்னிக்குச் சண்ட, தம்பி. வேற கப்பல் இல்ல. அந்தப் பாய்லருக்குப் பக்கத்துல நின்ன ஒவ்வொருத்தனும் வூட்டுக்குக் கடுதாசி எழுதி வெச்சிட்டுத்தான் நின்னான். இன்னிக்கு உனக்கு இன்னா சண்ட? களத்துல பதினோரு பொம்பளைங்க நிக்கிறாங்க."

முதலாளி களத்தைப் பார்த்தார். அந்தக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து, விரலையும் பார்த்தார். போனை எடுத்து சோரியாங்குப்பத்தில் இருக்கிற இன்னொரு மில்லுக்குப் பேசினார். ஊறின நெல்லை ஏற்றி அனுப்பினால் அவித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அங்கே ஏதோ நக்கல் பேசியிருப்பார்கள், முகம் சிவந்தது. ஆனாலும் வண்டியை வரச் சொன்னார். பெரியவர் அதற்குள் உமி விழுகிற வாயை அடைத்துவிட்டார்.

பாய்லரில் அழுத்தம் காட்டுகிற முள்ளு குறைய ஆரம்பித்ததும் பெண்களும் நானும் தொட்டியிலிருந்து நெல்லை வாரினோம். மில்லில் போட்ட சாப்பாட்டை நான் இரண்டு முறை வாங்கினேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விமானம் மேலே போகிற சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறாராம், போகிறதைப் பார்த்ததே இல்லையாம். வீசுகிற நேரத்தில் கீழே முள்ளு சட்டென்று விழும், அதைப் பார்த்துத்தான் ஒன்று போய்விட்டது என்று எண்ணிக்கொள்வார்களாம்.

"கப்பல அறுத்துட்டாங்க, தெரியுமில்ல?" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

"டிவியில பாத்தேன்." சோற்றைப் பிசைந்தார். "மேலேர்ந்துதான அறுப்பான். பாய்லரு கடைசியாத்தான் போயிருக்கும்."

அப்படித்தான் இருக்கும் என்றேன். எனக்குத் தெரியாது.

தகட்டை உள்ளிருந்து சுரண்டிப் பார்த்தால்தான் விரிசல் எங்கே, எவ்வளவு என்று தெரியும். நுழைகிற ஓட்டை சின்னது, பெரியவருக்கு முட்டி மடங்காது. மில்லில் வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. பாகூரில் பஸ் பிடித்துக் கடலூர் போய்விடலாம் என்றுதான் வந்திருந்தேன். சுரண்டத் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை மூடியைத் திறந்தார்கள். உள்ளே சூடு மிச்சம் இருந்தது. நனைத்த கோணியைப் போட்டு அதன்மேல் ஊர்ந்து போனேன். வெளியே பெரியவர் ஓட்டையில் தலையை வைத்து, தட்டிக்கொண்டே வா, தட்டிக்கொண்டே வா என்றார். முதலாளி அவருக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். சுத்தியால் தகட்டைத் தட்டித் தட்டிப் போனேன். கணீர் கணீர் என்று வந்தது. மூலைக்குப் போனதும் ஓர் இடத்தில் ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி இருந்தது.

"அதான். அங்க சொரண்டு" என்றார்.

சுரண்ட ஆரம்பித்தேன்.