நாலு பலாக்காயும் ஒரு விதிவிலக்கும்

இந்த ஊரில் பலாக்காயைக் கறிக்குப் பதிலாகத் தின்கிறார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பக்கம் போய்த் தேடினால் கிடைக்காது. மாமிசம் சாப்பிடாதவர்களுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறார்கள். கோழி இல்லாத கோழி, ஆடு இல்லாத ஆடு என்று என்னென்னவோ அடுக்கியிருக்கும் அந்த இடத்தில் நம்ம பலாக்காய் மசாலா பூசிக்கொண்டு பாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். என்னோடு ஆபீஸில் வேலை பார்க்கும் ஜேனட் ஒருநாள் மதியம் அதை பன்னுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டே, "உங்கள் நாட்டில் எப்போதிலிருந்து பன்றிக்கறிக்குப் பதிலாக இதைச் சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டாள். "நாங்கள் பலாக்காய்க்குப் பதிலாகத்தான் பலாக்காய் சாப்பிடுகிறோம்" என்றேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அவளிடம் மேற்கொண்டு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அந்தப் பாக்கெட்டைச் செய்து விற்கிற தொழிற்சாலையில்தான் எனக்கு வேலை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பெயர் சொன்னால் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன ஊர். என் வேலை அடுப்படியில் இல்லை, பேப்பரில். வெளிநாட்டிலிருந்து வருகிற காய்கறிக்கெல்லாம் அரசாங்கத்துக்குப் படிவம் நிரப்புவது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலத்துக்குப் பக்கம் பலாத்தோப்புக்குள் ஓடித் திரிந்த கழுதை, கடைசியில் பலாக்காய்க்குப் பேப்பர் போடுகிற உத்தியோகத்தில் வந்து நிற்கிறது.

இங்கே பழமோ காயோ விற்பதற்குத் தரவிதி உண்டு. முழுசாக இருக்க வேண்டும், அடிபடக் கூடாது, பூச்சி கூடாது, மண் ஒட்டியிருக்கக் கூடாது. ஆனால் தொழிற்சாலையில் போட்டு நறுக்கப் போகிற காய்க்கு அழகு எதற்கு? அதனால் அதற்கு மட்டும் விதிவிலக்கு. எக்ஸெம்ப்ஷன் என்பார்கள். கோணல் இருக்கலாம், தழும்பு இருக்கலாம், அவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு நாம் எழுதிக் கொடுக்க வேண்டும்! சரக்கு வருவதற்கு முன்பே விண்ணப்பம், எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறது என்ற விலாசம், ஒவ்வொரு பெட்டியிலும் 'பதப்படுத்துவதற்கு மட்டும்' என்ற சீட்டு. நோய் இல்லை என்று ஊரிலிருந்து வாங்கி வருகிற சான்றிதழ் வேறு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கட்டம்: 'இந்தச் சரக்கு முழுவதும் பதப்படுத்துவதற்கு மட்டுமே.' அதில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பதினோரு வருஷமாக அந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறேன். ஒருநாள்கூட அதை நின்று படித்ததில்லை.

எங்கள் ஊரில் இந்தப் பாடெல்லாம் கிடையாது. கமிஷன் மண்டிக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காயை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். டொக்கென்றால் காய், பொத்தென்றால் பழம். பிடிக்கவில்லை என்றால் காலாலேயே ஓரமாகத் தள்ளிவிடுவார். அந்தக் காலால் தள்ளுகிற கணக்குதான் என் அண்ணன் பழனிவேலுக்குப் பிடிக்காது. "புள்ள மாதிரி வளத்துக் கொண்டாந்தா செருப்புக் கால வச்சு உருட்டுறான்" என்று வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போவார்.

கஜா புயலில் எங்கள் தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. நின்றது ஒரே ஒரு மரம், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் போதும்டா சாமி என்று யூகலிப்டஸ், அதுதான் தைலமரம், போட்டார்கள். தைலமரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், காவல் வேண்டாம், காண்ட்ராக்ட்காரன் வந்து அவனே வெட்டிக்கொண்டு போவான். அண்ணன் மட்டும் மறுபடியும் பலாக்கன்று வைத்தார். போர்வெல்லுக்கு மேல் போர்வெல் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அது காய்ப்புக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. உள்ளூர் மண்டியில் காய் தேங்கிக் கிடந்தது. "இந்த வருசம் ஒரு வழி பொறக்கலேன்னா நானும் தைலந்தான் ஆத்தா. ஒத்தையில எம்புட்டு நாளு மாரடிக்கிறது?" என்றார் போனில் என்னிடம். மதினி பின்னாலிருந்து, "வெட்டிப்புட்டு நிம்மதியா இருங்கன்னு நீயாச்சும் சொல்லு" என்று கத்தியது போனில் கேட்டது.

நான்தான் மேனேஜர் டேவிட்டிடம் போய் நின்றேன். எத்தனையோ நாட்டுக் காய் வாங்குகிறோம், ஒரு தடவை எங்கள் ஊர்க் காயையும் பார்ப்போம் என்று கெஞ்சினேன். ஒரு லோடு, விமானத்தில். நன்றாக இருந்தால் ஒவ்வொரு பருவத்துக்கும் வாங்குவோம் என்றார். அண்ணனிடம் போனில் சொன்னேன். "தைலக்காரன்ட்ட வரவேணாம்னு சொல்லிரவா?" என்றார். "சொல்லிருங்கண்ணே" என்றேன். அந்த வாயை இப்போது எதால் அடித்துக்கொள்வது?

லோடு கிளம்பும் அன்று அண்ணன் வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். நாலு நிமிஷம் ஓடும். நான் விண்ணப்பத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். முதல் நிமிஷம் கேட்டேன். சீட்டு ஒட்டியாச்சு, லாரி ஏறியாச்சு, திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்றார். போதும் என்று நிறுத்தி, பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டேன். பிறகு அந்தக் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் விமான நிலையச் சோதனையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா பேசினார். ரொம்பத் தன்மையான குரல். இந்த ஊர்க்காரர்கள் கழுத்தை அறுக்கும்போதுகூட முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள்.

"மன்னிக்கவும். ஒரு பெட்டியில் சீட்டு இல்லை. உள்ளே நாலு காய் இருக்கிறது. மேலே ஏதோ எழுதியிருக்கிறது. அது வேறு வகையா?"

போட்டோ அனுப்பினார். நாலு காய், வைக்கோல் சுற்றி, சணல் கட்டி. ஒவ்வொன்றின் மேலும் நீலப் பெயின்டில் 'மலர்க்கொடி' என்று அண்ணனின் கோணல் எழுத்து. என் பெயர்தான்.

மோட்டார் கொட்டகை மரம் என் பங்கு. கல்யாணத்தில் அப்பா சபையில் வைத்துச் சொன்னது. நான் விராலிமலையில் வாழ்க்கைப்பட்டிருந்த காலத்தில் வருஷா வருஷம் அண்ணன் நாலு காயைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். கண்டக்டர் லக்கேஜ் போட்டால், "சீர்வரிசைக்கு எவன்டா லக்கேஜ் போடுவான்?" என்று சண்டைக்குப் போவார். நான் இங்கே வந்த பிறகு பதினைந்து வருஷமாக அனுப்ப வழி இல்லாமல் இருந்த மனுஷனுக்கு, தங்கச்சி ஊருக்கே ஒரு விமானம் போகிறது. வைக்காமல் இருப்பாரா?

"அது என் அண்ணன் எனக்குக் கொடுத்தது" என்றேன்.

"உங்கள் கம்பெனிக்கு மாதிரிக்காகவா?"

"இல்லை, எனக்கு. வீட்டுக்கு."

"அப்படியென்றால் அந்த நாலும் பதப்படுத்த இல்லை, இல்லையா?"

"நான் தின்பதற்கு" என்றேன்.

"ரொம்ப அன்பான அண்ணன்" என்றார், நிஜமாகவே மகிழ்ந்த குரலில். "ஆனால் சரக்கு முழுவதும் பதப்படுத்த என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அது இப்போது உண்மை இல்லை. முழு லோடுக்கும் விதிவிலக்கு செல்லாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்."

நாலை மட்டும் எடுத்துப் போட்டுவிடுங்கள் என்று மன்றாடினேன். எடுத்துப் போடலாம், ஆனால் பழைய பேப்பர் பழைய பேப்பர்தானாம். ஊரிலிருந்தும் எண்ணிக்கையைத் திருத்திச் சான்றிதழ் வர வேண்டுமாம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அன்றைக்குத்தான் வாய்ஸ் மெசேஜின் மிச்சத்தைக் கேட்டேன். "ஆத்தா, நம்ம கொட்டகை மரத்துக் காயி நாலு ஒனக்குன்னு தனியா வச்சிருக்கேன். அதுல சீட்டு ஒட்டல, ஒம் பேரத்தான் எழுதியிருக்கேன். வச்சதால ஒண்ணும் தப்பு வராதுல்ல? வருமின்னா சொல்லு, லாரிக்காரன இங்கிட்டே நிறுத்தச் சொல்லி எடுத்துர்றேன்." கேட்டிருக்கிறார். ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே என் கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது. பாவி, மூன்று நிமிஷம் செலவழித்துக் கேட்டிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்?

புதுப் பேப்பர் வரும் வரை காய் காத்திருக்குமா? அங்கே ஒரு லீவு, இங்கே மூன்று நாள் லீவு. எட்டாம் நாள் விமான நிலையச் சரக்குக் கிடங்கிலிருந்து போன். உள்ளே காஸ் கசிகிற மாதிரி வாடை வருகிறது, ஆட்களை வெளியேற்றிவிட்டோம், பெட்டியில் கெமிக்கல் ஏதும் வைத்தீர்களா என்று ஒருவர் பதறினார். "அது பழுத்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றேன். "பழுத்த வாடையா இது?" என்று நம்பாமல் கேட்டார். ஆமாம் ஐயா, எங்கள் ஊரில் சித்திரையில் தெரு பூராவும் அந்த வாடைதான். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பத்தாம் நாள் புது விதிவிலக்கு கிடைத்தது. சுத்தமான பேப்பர், ஒரு பிழை கிடையாது. பலாக்காய் என்று எழுதியிருந்தது. அங்கே காய் என்று ஒன்றுகூட மிச்சமில்லை. பழமெல்லாம் வெடித்துக் கிடந்தது. பழுத்தால் எங்கள் தொழிற்சாலைக்கு ஆகாது. டேவிட் என் தோளில் தட்டி, "பரவாயில்லை, முயற்சி பண்ணினோம்" என்றார். இன்னொரு லோடு என்ற பேச்சை அதோடு விட்டார். அழிப்பதற்குச் சம்மதம் என்று ஒரு படிவம் வந்தது. ஆதாரத்துக்கு அந்த நாலு காயின் போட்டோவையும் சேர்த்திருந்தார்கள். மேலே தமிழில் அண்ணன் எழுதிய என் பெயர், கீழே இங்கிலீஷில் நான் போட்ட கையெழுத்து. இரண்டும் நான்தான்.

அண்ணனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் கூப்பிட்டேன்.

"காயி சரியில்லன்னுட்டாய்ங்களா?" என்றார் எடுத்ததும்.

"காய்ல ஒண்ணுமில்லண்ணே. பேப்பர்லதான் சிக்கல்."

"பேப்பரு நீ போட்டதாச்சே. அது தப்பா இருக்காது. காயிலதான் என்னமோ இருந்திருக்கு, நான் வருத்தப்படுவேன்னு மறைக்கிற." பிறகு அவரே முடிவும் கட்டினார். "அங்கிட்டும் காலாலதான் தள்ளிருக்காய்ங்க."

இந்த விதிவிலக்கில் காயின் தரத்தை யாரும் பார்ப்பதே இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால், பிறகு எதனால் என்று கேட்பார். உங்கள் சீரால் என்று சொல்ல வேண்டும். என் கட்டைவிரலால் என்று சொல்லலாம், ஆனால் அவர் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார், பழியைத் தன் தலையில்தான் போட்டுக்கொள்வார். தன் காய்தான் மட்டம் என்று அவரே நம்பும்படி விட்டேன்.

"சரி போகுது. அந்த நாலாச்சும் ஒங் கைக்கு வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே" என்றேன்.

ஆடி முடிந்து வீடியோ கால் போட்டார். பின்னால் ஜேசிபி நின்றது. வேரோடு பிடுங்கிய பலா மரங்கள் வரப்போரமாகக் குவிந்து கிடந்தன, தறித்த இடத்தில் பால் வழிந்து உறைந்திருந்தது. உழுது போட்ட மண்ணில் கயிறு பிடித்த மாதிரி வரிசை வரிசையாகத் தைலக்கன்று. நடுவில் மோட்டார் கொட்டகை. பக்கத்தில் என் மரம்.

"ஒன் மரத்த மட்டும் வெட்டல ஆத்தா. காண்ட்ராக்ட்காரன் அதையும் எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னான். அது எந்தங்கச்சி பங்கு, எனக்கு உரிமை இல்லேன்னுட்டேன்."

அந்த ஒரு மரத்துக்கு விதிவிலக்குக் கொடுக்க அவர் யாரிடமும் எழுதி வாங்கவில்லை. சுற்றித் தைலமரம் வளர்ந்து தண்ணீரை உறிஞ்சினால் நடுவில் ஒரு பலா எத்தனை வருஷம் தாங்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் போனைத் திருப்பி மரத்தின் அடியிலிருந்து உச்சி வரை மெதுவாகக் காட்டினார்.

"நானும் கேக்கணும்னே இருந்தேன்" என்றார். "அந்த நாலும் எப்பிடி இருந்துச்சு? நீ சொல்லவே இல்லையே."

"தேனா இருந்துச்சுண்ணே" என்றேன்.

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப என் காயி மட்டமில்ல" என்றார்.