மூன்றை உள்ளே விடக்கூடாது

அக்கா உயர்தரக் கணக்கு வகுப்புக்குப் போவதென்றால் துணைக்கு ஒரு பிள்ளை போக வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அந்தப் பிள்ளை நான்தான் என்று முடிவு செய்தவர் அம்மா. எனக்குப் பதினொரு வயது. தம்பியை அனுப்பச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். தெருவில், ஒழுங்கையில் நடக்கும் எதையும் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுகிற அவனுக்குத்தான் அந்த வேலை பொருந்தும். நானோ ஆட்களைக் கண்டால் வாய் திறக்காதவள்.

“நீதான் போகோணும்,” என்று அம்மா முடித்துவிட்டார்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டுக் கார்க் கொட்டகைதான் வகுப்பு. கடைசி வாங்கில் வியர்த்து வழிய, எப்போது முடியும் என்று நெளிந்துகொண்டிருப்பேன். பக்கத்திலேயே தண்டவாளம். ரயில் போகும்போது மாஸ்டரின் குரல் எடுபடாது. சோக்குக் கட்டியைத் தூக்கியபடி அப்படியே நிற்பார். அந்த நேரம் பக்கத்து வரிசை அண்ணா அக்காவிடம் ஏதோ சொல்வார். அக்கா கொப்பியைப் பார்த்துச் சிரிப்பாள். ரயில் போய்விட்டால் இருவருக்கும் கணக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த அண்ணா இன்று எங்கள் அத்தான். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவின் காதுக்குப் போனால் அக்காவின் படிப்பு அன்றோடு நின்றுவிடும் என்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் முன்னால் அம்மா விசாரிப்பார். மழை பெய்ததா, மாஸ்டர் நேரத்துக்கு விட்டாரா, பசித்ததா. நான் ஓம், இல்லை என்பேன். பேப்பருக்குப் பின்னால் அப்பா திருப்தியாக இருமுவார்.

ஒருநாள் மாஸ்டர் சார்பு தொடங்கினார். x இலிருந்து நான்கைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நான்கைப் போட்டால் பூச்சியம், எட்டைப் போட்டால் இரண்டு. மூன்றைப் போட்டால் உள்ளே மறை ஒன்று, அதாவது -1, வந்துவிடும்; அதற்கு வர்க்கமூலம் கிடையாது. “மூண்டை வாசல்லயே நிப்பாட்டுங்கோ,” என்றார். உள்ளே விடக்கூடியவை ஆட்சி, வெளியே வருபவை வீச்சு.

அன்று மாலை அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தானே கேட்டார்.

“பிள்ளை, அங்க அக்காவோட ஆர் கதைக்கிறவை?”

அக்காவின் தேத்தண்ணிக் கோப்பை பாதியில் நின்றது. எனக்குப் பொய்யும் வரவில்லை, உண்மையும் வரவில்லை. வாயில் கிடந்ததுதான் வந்தது.

“மூண்டை உள்ள விடக்கூடாதாம், அப்பா.”

“என்ன மூண்டு?”

திக்கித் திக்கி முழுவதையும் ஒப்பித்தேன். அப்பா பேப்பரின் ஓரத்தில் எழுதிப் பார்த்தார்.

“எட்டைப் போட்டா?”

“ரெண்டு.”

“மறை ஒண்டு வெளியில வராதோ?”

“வராது. பூச்சியமும் அதுக்கு மேலயும்தான்.”

அவர் முகம் மலர்ந்தது. கேட்ட கேள்வியை மறந்தே போனார். காவலுக்குப் போன பிள்ளை கணக்கோடு வந்திருக்கிறது என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். சாதாரணதரப் பரீட்சையில் என் கணக்குப் பெறுபேறு வரும்வரை அந்தப் பெருமை நீடித்தது.

என் கெட்டித்தனம்தான் அக்காவைக் காப்பாற்றியது என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். மழை பெய்ததா என்று அம்மா கேட்ட நாட்களில், நாங்கள் கொண்டுவந்த குடையிலிருந்து அவர் கையாலேயே தண்ணீரை உதறிக்கொண்டிருப்பார். அதை ஏன் கேட்கிறார் என்றோ, தம்பி இருக்க என்னை ஏன் அனுப்பினார் என்றோ அப்போது எனக்கு ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லை.