பெயர் தெரியாத தோழியைத் தேடி வெள்ளிமலைக்கு

போன ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, கல்வராயன் மலைக்குப் போய்விட்டு வந்தேன். மழைக்காலத்தில் மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று இதே வலைப்பூவில் நானே எழுதியிருக்கிறேன். அதை நம்பிப் பயணத்தைத் தள்ளிப்போட்ட புண்ணியவான்கள் மன்னிக்கவும். இது அருவி பார்க்கப் போன பயணம் இல்லை, துக்கம் கேட்கப் போனது.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஊர் சுற்றாத நாட்களில் நான் தொடர்கதை எழுதுகிறேன். செல்போன் செயலி ஒன்றில், "தாழை" என்ற புனைபெயரில். என்னைப் போலவே எழுதும் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று மணிக்குத்தான் எல்லோருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்பதால் "மூணு மணி" என்றே அதற்குப் பெயர். ஒருத்தி எழுதிய அத்தியாயத்தை இன்னொருத்தி படித்துப் பார்த்த பிறகுதான் செயலியில் ஏற்றுவோம். பாதியில் ஒருத்திக்கு முடியாமல் போனால் இன்னொருத்தி அவள் பெயரிலேயே எழுதிக் கொடுப்பாள். அதற்குக் கைமாத்து என்று பெயர். இன்னொரு விதியும் உண்டு. நிஜப் பெயர் கேட்கக் கூடாது, போட்டோ கேட்கக் கூடாது. பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவர்கள்.

அந்தக் குழுவில் எனக்கு மிகவும் நெருக்கமானவள் கார்முகில். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். அவள் வீட்டு எருமை கன்று போட்டதும் தெரியும், மாமியாருக்கு மூட்டுவலி எந்தக் காலில் என்பதும் தெரியும், பெரிய பெண் ஹாஸ்டலில் படிப்பதும் தெரியும். வீட்டில் மெசேஜ் வந்து விழும் அளவுக்குத்தான் சிக்னல், பாறை ஒன்றின்மேல் ஏறி நின்றுதான் அத்தியாயம் அனுப்புவாள். நான் வேலை போய்ச் சுருண்டு கிடந்த மாதத்தில் தினமும் அந்தப் பாறையில் ஏறி "சாப்ட்டியா?" என்று கேட்டவள் அவள். என் சொந்த அக்கா கேட்கவில்லை.

அவளுடைய கதையில் பொன்னி என்று ஒருத்தி வருவாள். பொன்னியின் புருஷன் கேரளாவுக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போனவன், போனவன் போனவன்தான். அவன் திரும்பி வருவானா மாட்டானா என்பதுதான் கதை. நாற்பத்தொரு அத்தியாயம் ஓடியிருந்தது. "சேர்த்து வச்சிடுங்க சிஸ்" என்று வாசகிகள் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். முடிவை மட்டும் எங்களிடம்கூட அவள் சொல்லவில்லை.

ஒரு மதியம் அவள் எண்ணிலிருந்து குழுவில் இப்படி வந்தது: "இந்த போன் வெச்சிருந்தவங்க எறந்துட்டாங்க. இனிமே யாரும் மெசேஜ் போடாதீங்க." அவ்வளவுதான். திருப்பி அழைத்தால் ஸ்விட்ச் ஆஃப்.

இரண்டு வாரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு மெல்லப் பேச்சு வந்தது. பொன்னி கதையை அப்படியே விடுவதா? கைமாத்து என்று ஒன்று வைத்திருக்கிறோமே, அது எதற்கு? நீயே முடி என்று என் தலையில் கட்டினார்கள். அவள் வீட்டில் கேட்காமல் தொடமாட்டேன் என்றேன். ஆனால் போய் நின்று இப்படிக் கதை எழுதினாள் என்று சொன்னால், வீட்டுக்குத் தெரியாமல் எழுதியவளாக இருந்தால் என்ன ஆகும்? செத்த பிறகும் அவளுக்கு ஒரு கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்ததாக ஆகிவிடாதா? இந்தப் பயத்தோடுதான் பஸ் ஏறினேன்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரைக்கு அரசுப் பேருந்து. டிக்கெட் 235 ரூபாய். உளுந்தூர்பேட்டையில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். அங்கே குடித்த டீயைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சூடாக இருந்தது. பத்தரை வாக்கில் கள்ளக்குறிச்சி. பேருந்து நிலையத்தில் யாழினி காத்திருந்தாள். எங்கள் குழுவில் காதல் காட்சிகளுக்குப் பேர்போன யாழினி. நான் ஒல்லியாக, தலை நிறையப் பூவோடு ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். கறுப்பு புர்காவில் வந்த ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"தாழை அக்கா? நான்தான். ஷமீமா. பஜார்ல எங்களுக்கு ஃபேன்சி ஸ்டோர். அவருகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன், பயப்படாதீங்க. ஆமா, மேல போயி யாரு வூடுன்னு கேப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. இருநூற்றைம்பது கிலோமீட்டர் வந்த பிறகுதான் உறைக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் அவள் பெயர் தெரியாது. கார்முகில் வீடு எது என்று மலையில் யாரிடம் கேட்பது? மேலே பார்த்தால் கருமேகம்தான் இருக்கிறது, அதைக் காட்டுவார்கள்.

"மாமியாருக்கு மூட்டுவலி, எருமை கன்னு போட்டுச்சுன்னு கேக்கலாம்கா" என்றாள் ஷமீமா. கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிமலை பஸ் பதினொன்றரைக்கு. கச்சிராயபாளையம் வரை சமவெளிதான், இரண்டு பக்கமும் கரும்பும் மரவள்ளியும். கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. மழை விடவில்லை. கரியாலூர் வரும்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் வெள்ளிமலை.

அங்கே ஒரு டீக்கடை வாசலில் நின்ற ஷேர் ஜீப் ஓட்டுநரிடம் ஷமீமாதான் பேச்சுக் கொடுத்தாள். "அண்ணே, ஒரு பொம்பள போன மாசம் தவறிட்டாங்க. பெரிய பொண்ணு ஹாஸ்டல்ல படிக்குது. பாறை மேல ஏறி நின்னுக்கினு போன் பேசுவாங்க."

ஓட்டுநர் பீடியைக் கீழே போட்டார். "பேரு இன்னா?"

"அதான் தெரியாதுங்க."

"பேரு தெரியாம துக்கத்துக்கு வந்துக்கினு இருக்கீங்களா?" எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பாறைல நிக்கும்னா அது பழனியம்மாதான். மஞ்சக்காமால. டோலி கட்டித் தூக்கியாந்து என் வண்டிலதான் கீழ கொண்டும் போனேன். ஆசுபத்திரி போயி ரெண்டு நாளு இருந்துச்சு. ஏறுங்க."

பழனியம்மா. இரண்டு வருஷமாகத் தினமும் பேசியவளின் பெயரை ஜீப்பில் ஏறும்போதுதான் தெரிந்துகொண்டேன். ஏழு கிலோமீட்டருக்கு ஆளுக்கு நாற்பது ரூபாய். கடைசி ஒரு கிலோமீட்டர் ஏற்றம், நடைதான். ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

ஓடு போட்ட சின்ன வீடு. வாசலில் ஒருவர் எருமைக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தார். அவள் புருஷன், சின்னராசு. உள்ளே ஒரு வயதான அம்மா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது கால். யாரும் சொல்லாமலே அது எனக்குத் தெரிந்தது.

"நாங்க பழனியம்மா கூடப் படிச்சவங்க" என்றாள் ஷமீமா. வழியிலேயே இரண்டு பேரும் பேசி வைத்திருந்த பொய்.

"எங்க படிச்சீங்க?"

"கள்ளக்குறிச்சில."

"அவ மலைய வுட்டு எறங்கிப் படிச்சதே இல்லியேங்க." கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்களை நிதானமாகப் பார்த்தார். "மூணு மணி ஆளுங்களா நீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினோம்.

"இதுல தாழை யாரு?" நான் கையைத் தூக்கினேன். "வேல போயிடுச்சின்னு அழுதுக்கினு இருந்தீங்களே, இப்ப கெடச்சிதா?" ஷமீமா பக்கம் திரும்பினார். "கள்ளக்குறிச்சின்னீங்களே, அப்ப நீங்க யாழினி. ஆபரேசன் பண்ணிப் பொறந்த புள்ள நல்லா இருக்குதா? அந்த நேரத்துல உங்க கதைய ரெண்டு வாரம் இவதான் எழுதுனா. அடுப்பாண்ட குந்திக்கினு எழுதுவா, எழுதுனத எனக்குப் படிச்சிக் காட்டுவா."

ஷமீமா வாய்விட்டு அழுதாள். நானும்தான். அவள் பெயர்கூடத் தெரியாமல் வந்தவர்கள் நாங்கள். எங்கள் நல்லது கெட்டது முழுக்க இந்த வீட்டில் பேசப்பட்டிருக்கிறது.

குழுவில் அந்தச் செய்தியைப் போட்டதும் அவர்தான், மகளை விட்டு எழுதச் சொல்லி. "கோவிச்சிக்காதீங்க. தெனம் மூணு மணியானா போனு டிங்கு டிங்குன்னு அடிக்கும். அத்த கேட்டாலே எங்கம்மா மாருல அடிச்சிக்கினு அழும். தாங்க முடியல, அதான் அமுத்தி வெச்சிட்டேன்."

வரக்காப்பி கொடுத்தார். குடித்து முடித்த பிறகு நான் மெல்ல வந்த விஷயத்தைச் சொன்னேன். பொன்னி கதையை முடிக்க உங்கள் அனுமதி வேண்டும். முடிவைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சொல்லவில்லை என்றால், புருஷனும் பெண்டாட்டியும் சேர்கிற மாதிரி நல்லவிதமாக முடித்துவிடுகிறோம். அதுதான் எல்லோருக்கும் ஆசை.

அவர் காலி டம்ளர்களை எடுத்து ஒதுக்கி வைத்தார்.

"கேரளாவுக்குப் போனவன் வேற யாரும் இல்லீங்க. நான்தான்."

உள்ளே இருந்த அம்மா காலை மடக்கிக்கொண்டார்.

"ரெண்டு வருசம். போனும் இல்ல, காசும் இல்ல. அங்க வேற மாதிரி ஆயிட்டேன். அத்தெல்லாம் சொல்ல வாணாம். திரும்பி வந்தன்னிக்கும் இதே மாதிரி மழதான். இந்தக் கதவாண்ட வந்து நின்னேன். உடனே தொறந்துட்டா. ஒரு வார்த்த கேக்கல. துண்டு குடுத்தா, சோறு போட்டா. கதைல அவன் வரட்டும், அவளும் சேத்துக்கட்டும்னு நான் சொல்லிக்கினே இருப்பேன். அதுல எங்களுக்குச் சண்ட. அவ சொல்லுவா, வருவான், ஆனா பொன்னி கதவத் தொறக்க மாட்டா. நான்தான் தொறந்துட்டேன், அவளாவது தொறக்காம இருக்கட்டும்னு."

நல்லவிதமாக முடிக்கிறோம் என்று வந்து நின்ற எங்கள் பவிசை நினைத்து உடம்பு கூசியது.

"உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படியே எழுதறேன் அண்ணா" என்றேன். பாவமாக இருந்தது, அதனால் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கு வேண்டியதா? வாணாம் வாணாம். அவ சொன்ன மாதிரியே எழுதுங்க, தொறக்கவே கூடாது." எழுந்து எங்கள் குடையை எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணு மட்டும். அவன் கதவாண்ட ரொம்ப நேரம் நின்னான்னு எழுதுங்க. விடியற வரைக்கும் நிக்கட்டும். நான் ஒரு நிமிசம்கூட நிக்கலீங்க."

இறங்கும் வழியில் அந்தப் பாறை இருந்தது. ஏறிப் பார்க்கலாமா என்றாள் ஷமீமா. ஈரம், வழுக்கும், வேண்டாம் என்றேன். மாலை பஸ்ஸைப் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வந்து அவள் வீட்டில் தங்கினேன். அவள் புருஷன் பரோட்டா வாங்கி வந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் கடைக்குப் போய்விட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் பஸ் கம்மிதான். கீழே இறங்கும் கடைசி பஸ் எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவையுங்கள், மழை நாளில் அதையும் நம்பாதீர்கள். குடை அந்தக் காற்றுக்குத் தாங்காது, மழைக்கோட்டுதான் சரி. கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னலை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். பெரியார் அருவி வெள்ளிமலைப் பாதையை ஒட்டியே இருக்கிறதாம். நான் பார்க்கவில்லை. உங்களுக்கும் என்னைப் போல இணையத்தில் மட்டும் பழகிய தோழி யாராவது இருந்தால், விதி கிடக்கட்டும், பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்திரண்டாவது அத்தியாயத்தை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஷமீமா படித்துப் பார்த்தாள், பிறகு கார்முகில் பெயரிலேயே ஏற்றினோம். வாசகிகள் திட்டித் தீர்த்தார்கள். கல்நெஞ்சம், பொம்பளையா இவள், ஒரு தடவை மன்னித்தால் என்ன குறைந்துவிடும் என்றெல்லாம். நான் யாருக்கும் பதில் எழுதவில்லை. சின்னராசு அண்ணன் கொடுத்திருந்த அவருடைய எண்ணுக்கு மட்டும் அத்தியாயத்தை அனுப்பியிருந்தேன். நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது.

"பொண்ணு லீவுக்கு வந்திச்சிங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா படிச்சிது. அவ்ளோ நேரம் மழைல நிக்கிறானே, ஏன்டா அவ தொறக்கவே இல்லன்னு எங்கம்மா அழுவுது."

"நீங்க என்னண்ணா சொன்னீங்க?"

"அது அவ இஷ்டம்மான்னு சொன்னேன்."