எண்ணெய் பட்ட வில்

என் கணவர் மஸ்கட்டில் இருபது வருடம் கம்ப்ரசர் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். எதுவாக இருந்தாலும் எண்ணெய் போட்டால்தான் நன்றாக ஓடும் என்பது அவர் கட்சி. ஆயுத பூஜையன்று எங்கள் கீரனூர் வீட்டில் ஸ்கூட்டர், தையல் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனப் பொட்டு வைத்தார். என் வயலினும் பூஜையில் இருந்தது. அதன் வில்லையும் அவர் விட்டுவைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடுவதில்லை. விஜயதசமி காலையில் எடுத்து வாசித்தேன். வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போனது, சத்தமே இல்லை. வில்லுக்குப் பூசும் பிசினான ரோசின் கட்டியில் தேய்த்தேன், அதிலும் எண்ணெய் அப்பியது. அவரைக் கேட்டால், வில்லில் இழுத்துக் கட்டிய குதிரைமுடியில் வெள்ளையாகத் தூசி இருந்ததாம். துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் நாலு சொட்டுத் தடவினாராம். அந்தத் தூசிதான் ரோசின். அது இருந்தால்தான் முடி தந்தியைப் பிடிக்கும்.

அன்று சாயங்காலம் திருச்சியில், எங்கள் வயலின் வகுப்பில், முதன்முறையாக எல்லார் முன்னாலும் நான் தனியாக வாசிக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் ஆரம்பித்த படிப்பு. கூடப் படிப்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். உண்மையைச் சொன்னால், திட்டத் திட்ட எனக்குள்ளே ஒரு நிம்மதி. வில் போயிற்று, இனி வாசிக்க வேண்டாம், பழியும் அவர் தலையில். வரவில்லை என்று சொல்ல வகுப்புக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், முடியை மட்டும் ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவைத்துப் பாருங்கள், கட்டையில் தண்ணீர் படக்கூடாது என்றாள். ஸ்பீக்கரில் அவரும் கேட்டுவிட்டார்.

அதன்பிறகு என்னைக் கிட்டே அண்டவிடவில்லை. வில்லின் திருகைத் தளர்த்தி, கட்டைக்குத் துணி சுற்றி, பழைய டூத்பிரஷ்ஷால் முடியை மூன்று முறை கழுவினார். மதியம் வரை ஃபேனுக்கு அடியில் காயவைத்தார். ரோசின் கட்டியின் மேல்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து எண்ணெயை எடுத்தார். பிறகு இரண்டையும் என்னிடம் நீட்டி, "நீயே தேச்சுக்க. எனக்கு அளவு தெரியல" என்றார்.

திருகை முறுக்கிவிட்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகத் தேய்த்தேன். முதலில் ஒன்றும் ஒட்டவில்லை. முப்பது தடவைக்குப் பிறகு முடி வெளுக்க ஆரம்பித்தது. தந்தியில் வைத்து இழுத்தேன். சத்தம் கணீரென்று வந்தது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் வில்லைக் கீழே வைத்துவிட்டேன்.

"பயமா இருக்குங்க" என்றேன். அதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

"தப்பா வந்துச்சுன்னா, எங்க வீட்டுக்காரரு எண்ணெயத் தடவிட்டாருன்னு சொல்லிரு" என்றார். "மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பு. நானும் வாரேன்."

புடவை மாற்றப் போனேன்.