தூணில் மூன்று சுற்று

உலக யுத்தம் முடிகிற சமயம். திருத்தணிக்குப் பக்கத்தில், கே.ஜி.கண்டிகையை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பயப்படுவதில் மட்டும் யாருக்கும் சளைத்தவன் இல்லை.

அந்தச் சித்திரையில் கிணறு வற்றிப்போய், சேறு வார அண்ணன் இறங்க வேண்டியதாயிற்று. நாலு ஆள் ஆழம். பக்கச்சுவர்ப் படிகள் பாதியிலேயே இடிந்திருந்ததால் இடுப்பில் வடக்கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்கணும். மேலே, கிணற்றோரம் நட்டிருந்த கல்தூணுக்குப் பக்கத்தில், பிடித்துக்கொள்ள நான். "கல்தூண்ல மூணு சுத்து சுத்திக்கினு விடுடா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

எனக்கு அதில்தான் பயம். கல்லில் உரசி உரசிக் கயிறு தேய்ந்து அறுந்துவிட்டால்? முந்தின நாளே யாருக்கும் தெரியாமல் கயிறு பூராவும் விளக்கெண்ணெய் தடவி வைத்திருந்தேன். அது போதாதென்று, தூணில் சுற்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

படி இருந்தவரை பாரம் தெரியவில்லை. படி முடிந்து அண்ணன் முழு ஆளாகத் தொங்கினாரோ இல்லையோ, கயிறு விரால் மீன் மாதிரி வழுக்க ஆரம்பித்தது.

"இன்னாடா அவசரம்? மெதுவா விடுடா!"

நான் எங்கே விட்டேன்? அதுவே போய்க்கொண்டிருந்தது. குதிகாலை ஊன்றினேன், நானும் சேர்ந்து கிணற்றுப் பக்கம் இழுபட்டேன். கிணற்றின் அடியில் ஒரு சாண் சேறு, அதற்குக் கீழே வெறும் பாறை. கத்தினேன்.

பார்த்தால் பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக்காரம்மா மாதிரி ஒருத்தி, சேலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிப்பாதையில் போய்க்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவள். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். எனக்குப் பின்னால் கிடந்த கயிற்று முனையை எடுத்துத் தூணைச் சுற்றினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கயிறு கல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"கையை விடு நைனா."

விட்டேன். அவள் ஒற்றைக் கையால் பிடித்திருந்தாள்!

"எண்ணெ யாரு போட்டது?"

"நான்தாங்க. தேயக் கூடாதேன்னு..."

"நல்லா போட்ட போ! எங்க தறியில பாவு நூலை இழுத்துக் கட்டற கயிறுகூட முளையைச் சுத்திக்கினுதான் நிக்குது. தேஞ்சா வேற கயிறு வாங்கு."

கீழிருந்து அண்ணன், "டேய், கயிறு உன் கையிலதானே இருக்குது?" என்றார்.

"இல்லண்ணே."

"அதான் நிக்குது!"

அவள் காய்ந்த மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் தேய்த்து, கயிற்று முனையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். அவ்வளவு பெரிய ஆளை நான் தனியாக, சாண் சாணாக இறக்கினேன். அவளுக்கு மூட்டை தூக்கிவிடப் போனபோது, "கயித்தை விடாதே!" என்று அதட்டிவிட்டுத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

மறு வருஷம் அண்ணனுக்குப் பெண் பிறந்தது. அவள் வளர்ந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, உராய்வு என்று ஒரு விசை உண்டு, அது இல்லாவிட்டால் நம்மால் நடக்கக்கூட முடியாது சித்தப்பா என்று எனக்கு விளக்கினாள்.

பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் கொஞ்சம் தேய்மானத்துக்குச் சம்மதித்தால்தான் பிடித்து நிற்க ஒரு பிடி கிடைக்கும் என்பதை மட்டும் அன்றிலிருந்து மறக்கவே இல்லை.